நான்தான் சார்

மீட்டர் கம்பெனியில் எது உடைந்தாலும் உடைத்தவர் ஜம்புநாதன்தான். உடைந்தபோது அவர் அங்கே இருந்தாரா என்பது பிறகு வருகிற சங்கதி. பெரும்பாலும் வராமலே போய்விடுகிற சங்கதி.

தெலுங்குச் சீமையில், உப்பலைத் தாண்டி, பாறைகளை வெடிவைத்துப் பெயர்த்த வெட்டவெளியில் மத்திய சர்க்கார் கட்டிய கம்பெனி அது. வீடுகளுக்கு மின்சார மீட்டர் செய்வார்கள். அதைவிட அதிகமாக பைல் செய்வார்கள். ஒரு கண்ணாடி மூடி விழுந்து உடைந்தால் பெருக்கித் தள்ள ஒரு ஆள் போதும். அதற்கான பைல், ‘பொறுப்பாளி’ என்ற இடத்தில் ஒரு பெயர் விழுகிறவரை மூடாது. பெயர் விழாவிட்டால் டெல்லியிலிருந்து ஒருவர் விசாரிக்க வருவார். உடைந்த மூடியைப் பற்றி விசாரிக்க வந்தவர் உடையாத விஷயங்களையும் விசாரித்துவிட்டுப் போவார். அதனால் டெல்லிக்காரர் விமானம் ஏறாமல் பார்த்துக்கொள்வது கம்பெனியின் முதல் உற்பத்தியாக இருந்தது. மீட்டர் இரண்டாவது.

அறுபத்தொன்றில் ஜம்புநாதன் மாயவரத்திலிருந்து வந்து சேர்ந்த புதிது. உத்தியோகம் இன்னும் நிரந்தரமாகவில்லை. சுந்தரேசன் என்ற அதிகாரி, விருந்தாளிகளுக்குப் புது ட்ராலி எவ்வளவு லேசாக ஓடுகிறது என்று காட்டுவதற்காக ஒற்றை விரலால் தள்ளினார். ட்ராலி நிஜமாகவே லேசாகத்தான் ஓடியது. சுவரில் போய் மோதி, மேலே இருந்த கண்ணாடி மூடியெல்லாம் கொட்டிப்போயிற்று. மேனேஜர் வந்து, “யார் இது?” என்று கேட்டார்.

யாரும் பேசவில்லை. சுந்தரேசன் தன் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மௌனத்தை ஜம்புநாதனால் தாங்க முடியவில்லை. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஒரு கேள்வி பதிலில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தால் அவருக்கு வயிற்றைப் பிசையும். “நான்தான் சார்,” என்றார்.

எல்லாருக்கும் மூச்சு வந்தது. ஜம்புநாதனுக்கு ஒரு எச்சரிக்கை மெமோ வந்தது. அடுத்த மாதமே உத்தியோகம் நிரந்தரமும் ஆயிற்று.

அதிலிருந்து அது ஒரு வழக்கமாகிவிட்டது. வேறு செக்‌ஷன்காரர்கள்கூட அவரை இரவல் கேட்டு வருவார்கள்.

“ஜம்பு சார், பேக்கிங்கில ஒரு சின்ன விஷயம்.”

“என்ன ஒடஞ்சுது?”

“ஒடையல. காணோம்.”

“சரி. எப்ப நான் அதைத் தொலைச்சேன்?”

இந்த விசாரணைகளில் ஜம்புநாதனுக்குத் துணையாக உட்காருகிறவர் சாரங்கபாணி. தமிழ்ச் சங்கத்துக்குக் காரியதரிசியும் அவர்தான். கம்பெனிச் சட்டதிட்டம் அத்தனையும் மனப்பாடம். அஷ்டாட்சரத்தைவிட அதைத்தான் அதிக தடவை உச்சரித்திருப்பார். ஒரு பொங்கல் விழாவில் சங்கத்தார் ஜம்புநாதனுக்குச் சால்வை போர்த்தி, ‘வாய்மைச் செம்மல்’ என்று பட்டம் கொடுத்தார்கள். செய்யாததையெல்லாம் செய்தேன் என்று சொன்னவருக்கு அந்தப் பட்டம் என்பதில் மேடையில் இருந்த யாருக்கும் கூச்சமில்லை. அவர்களில் பாதிப்பேர் செய்ததைத்தான் அவர் ஏற்றுக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி கல்பகத்துக்குத்தான் அந்தச் சால்வையைக் கண்டால் எரியும். “ஆத்துல மட்டும் இந்த வாய் எங்க போறது? பால் பொங்கினா ‘நான்தான்’னு வந்து நிக்க வேண்டியதுதானே?” என்பாள். பால் பொங்கியபோது ஒரு நாள் நிஜமாகவே வந்து நின்றார். ஆபீஸில் இருந்து அப்போதுதான் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்திருந்தார். அவள் சிரித்துவிட்டாள். அப்போது சிரிக்க முடிந்தது.

*

எழுபத்துநாலு மாசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமைக் காலையில், பழைய இரும்பு எடுக்க வருகிற லட்சுமய்யா கம்பெனியின் பின்பக்க யார்டில் செத்துக் கிடந்தான். மண்டை பிளந்திருந்தது. யார்டில் எடை போட்டு அனுப்புகிற வேலை ஜம்புநாதனுடையது. முதல் நாள் ஞாயிறு. யார்டு பூட்டிக் கிடந்தது.

இன்ஸ்பெக்டர் வந்தார். யார்டு ஆட்களையெல்லாம் வேப்பமரத்தடியில் வரிசையாக நிறுத்தி, தடியால் பூட்ஸைத் தட்டிக்கொண்டே, “யார் பண்ணினது?” என்று தெலுங்கில் கேட்டார். அவருக்கே பதில் வருமென்று நம்பிக்கையில்லை. கேட்கவேண்டிய முறைக்குக் கேட்டார். வேப்பஞ்சருகு உதிர்ந்துகொண்டிருந்தது. இன்னொரு தடவை கேட்டார்.

“நான்தான் சார்,” என்றார் ஜம்புநாதன்.

வழக்கம்போல் எல்லாரும் மூச்சுவிட்டார்கள். விட்ட மூச்சு பாதியில் நின்றது. இன்ஸ்பெக்டரே ஒரு அடி பின்னால் போனார்.

செய்தி வந்தபோது கல்பகம் கோதுமை புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்கவில்லை. கையில் பிடித்தபடியே ஸ்டேஷன்வரை போய்விட்டாள். வழியெல்லாம் அவள் மனசுக்குள் ஓடியது ஒரே விஷயம். ஞாயிற்றுக்கிழமை அவளும் மகள் ஜலஜாவும் லாலாகுடாவுக்கு, ஆரோக்கியமேரி வீட்டுக்குப் போயிருந்தார்கள். ஆரோக்கியமேரி கம்பெனியில் மீட்டருக்கான கம்பிச்சுருள், அதாவது காயில், சுற்றுகிறவள். அவள் பெண்ணுக்கு அன்று சர்ச்சில் புதுநன்மை, முதல் தடவை நற்கருணை வாங்குகிற சடங்கு. இருவரும் விளக்கு வைக்கிற வேளைக்குத் திரும்பியபோது வீட்டில் விளக்கில்லை. ஜம்புநாதன் ஈஸிசேரில் இருட்டில் உட்கார்ந்திருந்தார். கொல்லைக் கம்பியில் அவருடைய யார்டு சட்டை சொட்டச்சொட்டத் தொங்கியது.

“ஞாயித்துக்கெழமை என்ன யார்டு சட்டை?” என்று அவள் கேட்டதற்கு, “கறை,” என்றார். அவ்வளவுதான்.

அந்த ஒரு வார்த்தையைக் கல்பகம் யாரிடமும் சொல்லவில்லை.

*

சாரங்கபாணி அன்றைக்கே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டார். நெற்றியில் திருமண் பளிச்சென்று இருந்தது. கம்பிக்கு இந்தப் பக்கம் கல்பகத்தை நிறுத்தி, அந்தப் பக்கத்து ஜம்புநாதனிடம் பேசினார்.

“ஓய் ஜம்பு, பதறாதேயும். இதுவும் நம்ம விவகாரம் மாதிரிதான். ரூல்புக்தான் வேற. மறுத்தீர்னா என்ன ஆகும்? திமிர்னு எழுதுவான். ப்ளேட்டிங் செக்‌ஷன் வெங்கட்ராவ் மறுத்தான், என்ன ஆனான்? ஒத்துண்டவாளுக்கு வார்னிங். மிஞ்சிப்போனா இன்க்ரிமெண்ட் கட். உமக்கு முதல் குத்தம், சுத்தமான சர்வீஸ்.”

“சுத்தமான சர்வீஸா மாமா?” என்றாள் கல்பகம். “இவர் பேர்ல அலமாரி கொள்ளாம மெமோ இருக்கே!”

“அதெல்லாம் ஒத்துண்ட மெமோம்மா. ஒத்துண்ட மெமோ கணக்குல வராது.”

“மாமா, ஒரு மனுஷன் செத்துப்போயிருக்கான்.”

“அதனாலதான் கௌரவமா ஒத்துக்கணும்ங்கறேன். ஓய், ‘எதிர்பாராதவிதமாக’ன்னு ஒரு வார்த்தை சேர்த்துக்கும். ஒவ்வொரு விசாரணையிலயும் அந்த வார்த்தைதான் நம்மளைக் காப்பாத்தித்து.”

“ஏன்னா, நீங்க பண்ணினேளா?” கல்பகம் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “என்னைப் பாத்துச் சொல்லுங்கோ.”

ஜம்புநாதன் அவளைப் பார்த்தார், சாரங்கபாணியைப் பார்த்தார், மேஜைக்குப் பின்னாலிருந்த இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். எல்லாரும் காத்துக்கொண்டிருந்தார்கள்.

“எல்லாருக்கும் சிரமம் கல்பு,” என்றார். “இன்ஸ்பெக்டர் காலையிலேர்ந்து சாப்பிடல.”

மாஜிஸ்ட்ரேட் முறையான மனிதர். ஒத்துக்கொண்டே ஆகவேண்டும் என்று கட்டாயம் இல்லை, யோசித்துச் சொல், என்று அவகாசம் கொடுத்தார். யாராவது மிரட்டினார்களா என்று கேட்டார். “இல்லை சார், நன்னா பாத்துக்கறா. இரானி ஓட்டல்லேர்ந்து டீ வாங்கித் தரா,” என்றார் ஜம்புநாதன். எதால் அடித்தாய் என்று ஸ்டேஷனில் கேட்டபோது முதலில் கல் என்று சொல்லியிருந்தார். இன்ஸ்பெக்டரின் முகம் தொங்கிப்போனதைப் பார்த்துக் கட்டை என்றார். அதுவும் இல்லையென்று தெரிந்து கம்பிக்கு வந்துசேர்ந்தார். மாஜிஸ்ட்ரேட் முன்னால் தங்குதடையில்லாமல், “எதிர்பாராதவிதமாகக் கம்பியால் அடித்துவிட்டேன்,” என்றார்.

*

வக்கீல் இராமச்சந்திரன் சின்ன வயசுக்காரர். கோட்டு அவருடைய மாமனாருடையது, தோளில் நிற்காது. கேஸ் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“கல்லுன்னு ஒண்ணு, கட்டைன்னு ஒண்ணு, கம்பின்னு ஒண்ணு. மூணு தடவை மூணு விதமா ஒத்துண்டிருக்கார். மாஜிஸ்ட்ரேட்கிட்ட சொன்னதுதான் கழுத்தைப் பிடிக்கறது. இவர் எதைக் கேட்டாலும் ஒத்துக்கற ஆளுன்னு கம்பெனிக்காரா யாராவது கூண்டில ஏறிச் சொல்லணும் மாமி. அப்புறம் ஜட்ஜ் கேக்கறச்சே இவர் வாயால ஒரு ‘இல்லை’ வரணும். ரெண்டும் இருந்தா நான் பாத்துக்கறேன்.”

“ஒரே ஒரு ‘இல்லை’யா?”

“ஒண்ணு போதும்.”

கல்பகம் வீடு வீடாக ஏறினாள். சித்திரை வெயில், பாறைகளில் பட்டுத் திரும்புகிற அனல் க்வார்ட்டர்ஸ் தெருக்களில் மனிதரை நடமாடவிடாது. அவள் மட்டும் புடவைத் தலைப்பை முக்காடிட்டுக்கொண்டு நடந்தாள். பேக்கிங் செக்‌ஷன் வீட்டில் ‘அவர் டியூட்டி’ என்றார்கள். உள்ளே அவருடைய இருமல் கேட்டது. ஸ்டோர்ஸ்காரர் வீட்டில் கூஜா நிறைய ஜில்லென்று தண்ணீர் கொடுத்து, காலண்டரைக் காட்டி, அந்த வாரம் பூராவும் அஷ்டமி நவமி என்றார்கள்.

சுந்தரேசன் இப்போது டெபுடி மேனேஜர். வீட்டில் ஏர்கூலர் ஓடியது. அவர் மனைவி மோர் கொண்டுவந்தாள்.

“அந்த ட்ராலி விஷயம் ஒண்ணு போதும் சார்,” என்றாள் கல்பகம். “நீங்கதான் தள்ளினேள், அவர் ஏத்துண்டார்னு சொல்லுங்கோ. பழைய கதைதானே. உங்களுக்கு யார் என்ன பண்ணப்போறா?”

சுந்தரேசன் தன் விரலைப் பார்த்தார். “ரெகார்டுல ஜம்புநாதன்னு இருக்கேம்மா,” என்றார். “ரெகார்டுக்கு விரோதமா நான் எப்படிப் பேசறது? அவர் ஒத்துண்டு கையெழுத்துப் போட்டிருக்காரே.”

மோரில் பெருங்காயம் நன்றாகப் போட்டிருந்தார்கள். கல்பகம் அதைக் குடிக்கவில்லை.

ஆரோக்கியமேரி மட்டும் தானாக வந்தாள். “கைக்குங்க, எதுக்கு இத்தினி வூடு ஏறி எறங்குறீங்க? என்னைக் கேக்க மாட்டீங்களா? நான் காயில் கருக்கினதுக்கு ஐயிருதானே பழி ஏத்துக்கினாரு. நான் சொல்றேன் கோர்ட்ல.”

“உன் வேலை போயிடும் மேரி.”

“போட்டும். எங்க தாத்தா காலத்துலேர்ந்து ரயில்வேல சம்பாதிச்ச குடும்பம். பட்டினியா கெடக்கப் போறோம்? நக்கோ, நீங்க அழாதீங்க. அழுதா எனக்கும் வந்துரும், எனக்கு வந்தா நிக்காது.”

கடைசியில் சாரங்கபாணியும் சம்மதித்தார். சம்மதித்ததில் அவருக்கே ஒரு பெருமிதம். “கோர்ட்ல நான் பேசறேன்மா. ஜம்புவோட குணத்தைப் பத்தி நான் பேசறதுக்கு மேல ஒருத்தன் பேச முடியாது,” என்றார். அன்று ராத்திரி கல்பகம் வெகுநாள் கழித்துச் சாதம் வடித்துச் சாப்பிட்டாள்.

*

கோர்ட்டில் ஆரோக்கியமேரி முதலில் கூண்டில் ஏறினாள். “ஹவ் சாப், ஆமா, நான்தான் கருக்கினேன். அவரு அந்த ரூம்லயே இல்ல. நான் அழுதுக்கினு நின்னேன், அவரு வந்து ‘நான்தான் சார்’னுட்டாரு. எனக்கு மட்டுமில்ல, எல்லாத்துக்கும் அவருதான்.”

“அப்போது ஏன் நீ உண்மையைச் சொல்லவில்லை?” என்றார் சர்க்கார் வக்கீல்.

“வேலை போயிரும்ல.”

“ஆக, காரியத்துக்காகப் பொய் சொல்லுகிறவள் நீ. நன்றி, இறங்கலாம்.”

“அதெப்படி சாப், நான் இப்பத்தானே நெசத்தைச் சொல்றேன்!” என்று அவள் கேட்டதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

பிறகு சாரங்கபாணி. பட்டுக்கரை அங்கவஸ்திரம். கோர்ட்டுக்குள் நுழைந்தபோதே பாதிப்பேர் அவரை இன்னொரு ஜட்ஜ் என்று நினைத்து எழுந்து நின்றார்கள். அதை அவர் மறுக்கவில்லை.

“செய்யாத குற்றங்களை ஜம்புநாதன் ஏற்றுக்கொள்வது உண்டல்லவா?” என்று இராமச்சந்திரன் கேட்டார்.

சாரங்கபாணி வாயைத் திறந்தார். அப்போதுதான் பின் வரிசையில் கம்பெனியின் பர்சனல் ஆபீஸர் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்திருப்பது அவர் கண்ணில் பட்டது. உண்டு என்றால், அத்தனை விசாரணைகளும் பொய். அத்தனை விசாரணையிலும் துணைக்கு உட்கார்ந்தவர் யார்? டெல்லியிலிருந்து விமானம் கிளம்புகிற சத்தமே அவர் காதில் கேட்டிருக்க வேண்டும்.

“மை லார்ட்,” என்றார். “ஜம்புநாதன் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. சத்தியம் அவர் பிறவிக்குணம். எங்கள் சங்கம் அவருக்கு ‘வாய்மைச் செம்மல்’ என்று பட்டமே கொடுத்திருக்கிறது. எதைச் செய்தாலும் செய்தேன் என்று ஒத்துக்கொள்கிற உத்தமர்.”

ஜட்ஜ் முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். இராமச்சந்திரனின் தோளிலிருந்து கோட்டு நழுவியது. அவர் அதைச் சரிசெய்யவில்லை.

சாரங்கபாணி இறங்கி வந்து, கல்பகத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டார்: “எப்படிப் பேசினேன்?”

கடைசியில் ஜட்ஜ் ஜம்புநாதனைக் கேட்டார். லட்சுமய்யாவைக் கொன்றதாக மாஜிஸ்ட்ரேட்டிடம் சொன்னது உண்மையா? கல்பகம் முதல் வரிசையில், அவர் கண்ணுக்கு நேராக உட்கார்ந்திருந்தாள். ‘இல்லை’ என்று உதட்டைக் குவித்தும் பிரித்தும் காட்டினாள், ஜலஜாவுக்குக் குழந்தையில் பேச்சுச் சொல்லிக்கொடுத்த மாதிரி. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. டைப் அடிக்கிறவர் விரல்களைத் தூக்கிவைத்துக் காத்திருந்தார். ஜம்புநாதன் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

“இவ்வளவு பேர் சொல்றச்சே,” என்றார், “நான்தான் சார்.”

ஆயுள் தண்டனை.

*

க்வார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். லாலாகுடாவில் ஆரோக்கியமேரி வீட்டுப் பின்கட்டில் ஒரு அறை கிடைத்தது. காயில் கருகிய பழைய விவகாரத்தில் ஆரோக்கியமேரிக்குக் கம்பெனி புதிதாக சார்ஜ்ஷீட் கொடுத்திருந்தது. இந்தத் தடவை ஏற்றுக்கொள்ள ஜம்புநாதன் இல்லாததால் அவள் வேலை போயிற்று. “ரெண்டு பேரும் சேந்து பொங்கிப்போடலாம் வாங்கம்மா,” என்றாள். இருவரும் ரயில்வே ஒர்க்‌ஷாப் அப்ரண்டிஸ் பையன்களுக்குச் சமைத்து கேரியர் அனுப்பினார்கள். காலைச் சங்கு ஊதுவதற்குள் அடுப்பு இரண்டும் எரிந்தாகவேண்டும். குழம்பு கல்பகத்துடையது, மாயவரத்துப் பக்குவம். பையன்கள் அதில் ஆரோக்கியமேரியின் மிளகாய் வற்றலைக் கிள்ளிப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள்.

ஜெயிலில் ஜம்புநாதனுக்கு நல்ல பெயர். நல்ல பெயர் பரவத்தான் செய்யும். இரண்டு ஜில்லா தள்ளி ஒரு தட்டான் கொலை. ஆள் அகப்படாமல் கேஸ் கிடந்தது. அங்கிருந்து ஒரு சப் இன்ஸ்பெக்டர் வந்தார். பேச்சுவாக்கில், “இதுவும் நீதானோ?” என்றார். பிறகு ஒரு காவல்காரன் கொலைக்கு இன்னொருவர் வந்தார். அவர் வரும்போதே மிட்டாய் வாங்கி வந்திருந்தார். இரண்டையும் ஜம்புநாதன் ஏற்றுக்கொண்டார். இரண்டு கொலையும் ஒரே சாயங்காலம், நூறு மைல் வித்தியாசத்தில் நடந்திருந்தன என்பதை இராமச்சந்திரன்தான் கண்டுபிடித்தார். அதற்குள் பத்திரிகைகள் ஜம்புநாதனை மூன்று கொலை செய்தவர் என்று படம் போட்டுவிட்டன. மீட்டர் கம்பெனியில், அவர் பக்கத்தில் உட்கார்ந்து டிபன் சாப்பிட்டவர்கள் திடீரென்று பெருகிப்போனார்கள். ‘அந்தக் கண்ணைப் பாத்தாலே எனக்கு அப்பவே தோணித்து’ என்றார் சுந்தரேசன். சங்கத்தில் பட்டத்தைத் திரும்பப் பெறுவதா என்று கூட்டம் போட்டு, சால்வை யார் வீட்டில் இருக்கிறது என்று தெரியாததால் ஒத்திவைத்தார்கள்.

“ஹைகோர்ட்டில இது நமக்குச் சாதகம் மாமி,” என்றார் இராமச்சந்திரன். “ஒரே நேரத்தில ரெண்டு எடத்தில கொலை பண்ணினவரோட வாக்குமூலத்தை எவன் நம்புவான்? ஆனா அவர் ‘முன்னாடி சொன்னது பொய்’னு எழுதிக் கையெழுத்துப் போட மாட்டேங்கறார். இன்ஸ்பெக்டருக்குப் பிரமோஷன் வந்திருக்காம், இப்பப் போய் எப்படிங்கறார்.”

*

அடுத்த வருஷத்து வைகாசி வந்தது. கல்பகமும் ஆரோக்கியமேரியும் ஆவக்காய் போட்டார்கள். மாங்காயை ஓட்டோடு பிளக்கிற கத்தி ஆரோக்கியமேரியின் கையில். மடேர் மடேரென்று போட்டாள். கல்பகம் துணியால் ஒவ்வொரு துண்டையும் துடைத்து உள்தோலைச் சுரண்டினாள். கடுகுப்பொடியின் காரம் ஏறி இருவரும் தும்மினார்கள். மிளகாய்ப்பொடி, உப்பு, நல்லெண்ணெய் எல்லாம் சேர்ந்து முழங்கைவரை சிவந்தது. போட்டு வைக்கப் பெரிய ஜாடி வேண்டுமென்று மோண்டா மார்க்கெட்டில் போய் வாங்கி வந்திருந்தார்கள். வெள்ளை உடம்பு, கழுத்தில் பழுப்பு. கல்பகம் அதைக் குழந்தையைப்போல் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள்.

ஜெயிலில் மனுப் போட்டு அவரைப் பார்க்கிற நாளைக்கு முதல் நாள், அந்த ஜாடி உடைந்து அறையெல்லாம் எண்ணெயாகக் கிடந்தது. பக்கத்தில் ஜலஜா நின்றாள். பாவாடையில் சிவப்பாக ஒரு கைத்தடம்.

“யாருடி இது?”

“நேனு காதம்மா,” என்றாள் ஜலஜா. பள்ளிக்கூடத்தில் படித்த தெலுங்குதான் அவளுக்கு அவசரத்தில் வாய்க்கு வரும். “நான் இல்லை. பில்லி. பூனை வந்துச்சு.”

கல்பகத்துக்குத் திட்டக்கூடத் தெம்பில்லை. விளக்கமாற்றை எடுத்தாள்.

மறுநாள் ஜெயிலில், கம்பிவலைக்கு அந்தப் பக்கம் ஜம்புநாதன் வந்து நின்றார். இளைத்திருந்தார், காதோரம் நரை. “ஜலஜா நன்னா படிக்கிறாளா? மேரிக்குக் கால்வலி தேவலையா?” என்று விசாரித்தார். பக்கத்து வலைகளில் எல்லாரும் ஒரே சமயத்தில் கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கல்பகம் இத்தனை நாள் அடிவயிற்றில் கிடந்ததைக் கேட்டாள்.

“அந்த ஞாயித்துக்கெழமை சட்டையில என்ன கறை?”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். எந்தப் பதிலை இவள் எதிர்பார்க்கிறாள் என்று தேடுகிற பார்வை. இன்ஸ்பெக்டர் முகத்தையும் இப்படித்தான் பார்த்திருப்பார்.

“ரத்தமாத்தான் இருக்கும்,” என்றார்.

கல்பகம் வலையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் இரைச்சல் ஒன்றும் காதில் விழவில்லை. திரும்பிப் போய்விடலாமென்று தோன்றியது. அப்படியும், புறப்படுவதற்கு முன்னால் வீட்டு விஷயம் ஏதாவது சொல்லிவிட்டுப் போகிற பழக்கத்தில், எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னாள்:

“நேத்திக்கு ஆவக்கா ஜாடி ஒடஞ்சுடுத்து. பெரிய ஜாடி. பாடுபட்டுப் போட்டதெல்லாம் போயிடுத்து.”

“அடடா,” என்றார் ஜம்புநாதன். “நான்தான் கல்பு. மேல் தட்டுல ஓரமா வெச்சிருந்தேன். உள்ள தள்ளி வெச்சிருக்கணும். ஜலஜாவைத் திட்டாதே.”

கல்பகம் மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தாள். அந்த ஜாடி வாங்கிப் பத்து நாள் ஆகவில்லை. அந்த அறையை அவர் கண்ணால் பார்த்ததில்லை. அங்கே மேல் தட்டே கிடையாது.

“நீங்கதானா?” என்றாள்.

“எதிர்பாராதவிதமா,” என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அது சிரிப்பில்லை என்று தெரிவதற்குள் கண்ணெல்லாம் நிறைந்து வழிந்தது. தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். இவ்வளவு நாளும், தூக்கத்தில்கூட, இந்த மனிதரைக் கொலைகாரனாக ஒரு தட்டில் வைத்து நிறுத்துக்கொண்டே இருந்தாளே!

“ஏன்னா, ஒரே ஒரு தடவை சொல்லுங்கோ. ஜாடிக்காவது சொல்லுங்கோ. ‘நான் இல்லை’ன்னு. கோர்ட்டு வேண்டாம், எனக்கு.”

அவர் முயற்சி செய்தார். வாய் திறந்தது. கழுத்து நரம்பு எழுந்து அடங்கிற்று. வார்டர் “டைம், டைம்,” என்று தடியால் வலையைத் தட்டிக்கொண்டு வந்தார்.

“பாவம், அவருக்கு நேரமாயிடுத்து,” என்றார் ஜம்புநாதன். “நம்மாலதான் லேட்டு. நான்தான் சார்,” என்று வார்டரிடம் சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.

*

லாலாகுடாவுக்குத் திரும்பியபோது ஒர்க்‌ஷாப் விட்டு சைக்கிள்கள் போய்க்கொண்டிருந்தன. தூரத்தில் இடி உருண்டது, மழை வரவில்லை. அறையில் இன்னும் கடுகும் எண்ணெயும் மணத்தன. ஜலஜா தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் பாவாடைக் கறையைக் காலுக்கடியில் மடித்துக்கொண்டாள்.

கல்பகம் அவள் எதிரே உட்கார்ந்தாள்.

“ஜாடியை யார் ஒடைச்சா?”

“நேத்தே சொன்னேன்ல மா. நேனு காது.”

“இன்னொரு தரம் சொல்லு.”

“நேனு காது.”

“தமிழ்ல சொல்லு.”

“நான் இல்லை.”

“உரக்கச் சொல்லுடி. என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு.”

கல்பகம் மகளின் இரண்டு தோளையும் பிடித்திருந்தாள். எவ்வளவு கெட்டியாகப் பிடித்திருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்த ஒரு வார்த்தையைக் காது நிறையக் கேட்கவேண்டும், அவ்வளவுதான். ஜலஜா அம்மாவின் சிவந்த கண்ணைப் பார்த்தாள். காத்துக்கொண்டிருக்கிற அந்த முகத்தைப் பார்த்தாள். உதடு கோணிற்று.

“நான்தாம்மா,” என்றாள்.

கல்பகத்தின் கை தளர்ந்தது. பிறகு அவளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள்.

“இல்லடி,” என்றாள். “நீ இல்ல. பூனை. பூனைதான் ஒடைச்சுது.”